சொந்தமா கட்டுற குட்டி பிளேனுக்கு எஞ்சின் வாங்கப் போறீங்களா? காசு அனுப்புறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டுப் போங்க

மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட்ல எங்க வீட்டுக்குப் பின்னால, தாத்தா காலத்துல ரப்பர் ஷீட்டு காயப்போட்ட கொட்டகை ஒன்னு இருக்கு. அதுக்குள்ள ரெண்டு சீட்டு அலுமினியம் பிளேன் ஒன்ன கிட் வாங்கி நானே கட்டுனேன். பாடி முடிக்க ரெண்டு வருஷம் ஆச்சு, எஞ்சின் ஒன்ன ஒழுங்கா வாங்கி மூக்குல மாட்ட அதுக்கு மேல ரெண்டு வருஷம் ஆச்சு. நடுவுல ஒரு எஞ்சின்ல 11,000 வெள்ளி (ரிங்கிட்) போச்சு, இன்னொரு எஞ்சின் பெட்டியோட துறைமுகத்துல மூனு வாரம் கெடந்துச்சு. பக்கத்து லயத்து அண்ணன் காலையில மோட்டர எடுக்கும்போதெல்லாம் "என்ன தம்பி, இன்னும் பறக்கலையா"ன்னு கேட்டுட்டுதான் போவாரு. நான் எந்த வரிசையில செஞ்சிருக்கணுமோ அந்த வரிசையில கீழ எழுதியிருக்கேன், நான் செஞ்ச வரிசை வேற.

1. மொதல்ல கடுதாசி, அப்புறம்தான் காசு

எஞ்சின் படம் பாக்குறதுக்கு முன்னாடி சிஏஏஎம்முக்கு (மலேசியா சிவில் விமானத் துறை ஆணையம்) ஒரு இமெயில் போடுங்க. உங்க பிளேன் எந்த வகையில சேரும், மைக்ரோலைட்டா வேற ஏதாவதா, பெர்மிட் டு ஃப்ளை (பறக்குறதுக்கான அனுமதி) கேக்குறப்ப எஞ்சினுக்கு என்னென்ன பேப்பர் காட்டணும், பழைய எஞ்சின்னா லாக்புக் எதுலேர்ந்து எதுவரைக்கும் வேணும், கார் எஞ்சின மாத்தி போட்டா ஒத்துக்குவாங்களா, இத்தனையும் கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க. கவுண்டர்ல நின்னு வாயால கேட்டது, கிளப்புல தே தாரிக் குடிச்சுக்கிட்டே யாராவது சொன்னது, இதெல்லாம் நாளைக்கு பைலுக்குள்ள வராது. பதிலுக்கு ரெண்டு மாசம் ஒதுக்கி வச்சுக்கோங்க, சீக்கிரம் வந்தா சந்தோஷம்.

அதே வாரத்துல கிட் விக்கிற கம்பெனிக்கும் எழுதுங்க. மூக்குல அதிகபட்சம் எத்தன கிலோ, குறஞ்சது எத்தன எச்பி, கூடப்போனா எத்தன எச்பி, எந்தெந்த எஞ்சினுக்கு ரெடிமேட் மவுண்ட் (எஞ்சின தாங்குற சட்டம்) இருக்கு. இந்தக் கடைசி கேள்விய யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல. மவுண்ட் ரெடியா கெடைக்கிற எஞ்சின எடுத்தா ஆறு மாசம் மிச்சம். இல்லாத எஞ்சின எடுத்தா நீங்களே டிசைன் போட்டு, வெல்டர் தேடி, அந்த வெல்டிங்க யாராவது பாத்து சரின்னு சொல்லி, அப்பப்பா.

2. பிரவுச்சர்ல போட்ட எடைய நம்பாதீங்க

எல்லா கம்பெனியும் எஞ்சின மட்டும் தராசுல வச்சு ஒரு நம்பர் போடுவாங்க. ரோட்டாக்ஸ் 912-ங்கற எஞ்சினுக்கு அறுபது கிலோவ ஒட்டின்னு போட்டிருக்கும். நல்லா இருக்கேன்னு தோணும். அதுக்கு மேல எக்ஸாஸ்ட், ரேடியேட்டர், ஆயில் கூலர், ஆயில் டேங்கு, மூனு லிட்டர் ஆயில், கூலன்ட்டு, மவுண்ட், புரொப்பெல்லர், ஸ்பின்னர், ஹோஸ் எல்லாம் ஏறும். அந்த மொத்தத்ததான் பாக்கணும், அதாவது எஞ்சினையும் ஆள் உக்கார்ற எடத்தையும் பிரிக்கிற ஃபயர்வால் தகடுக்கு முன்னால தொங்குற எல்லாத்தையும். ஏற்கனவே அதே பிளேன்ல அதே எஞ்சின் போட்டவங்ககிட்ட எடை ரிப்போர்ட்டு கேளுங்க, பெரும்பாலும் குடுப்பாங்க.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, 280 கிலோ காலி எடை உள்ள பிளேன்ல, நடு எடையிலேர்ந்து ஒரு மீட்டர் முன்னால 12 கிலோ கூடுதலா தொங்குனா சென்டர் ஆஃப் கிராவிட்டி (அந்த நடு எடைப் புள்ளி) நாலு சென்டிமீட்டர் முன்னால நகந்துரும். இந்த மாதிரி குட்டி பிளேன்ல அந்த லிமிட்டே விரல்ல அளக்குற அளவுதான் இருக்கும். அப்புறம் வால்ல ஈயக்கட்டி போடணும், பாக்கப் பாக்க எடை ஏறிக்கிட்டே போகும், லக்கேஜுக்கு வச்ச இருபது கிலோவ எஞ்சினே தின்னுரும்.

3. நம்ம ஊரு வெயிலுக்கு எச்பி கணக்கு போடுங்க

கம்பெனி சொல்ற எச்பி 15 டிகிரி செல்சியஸ், கடல் மட்டம் கணக்கு. நம்ம ஊர்ல 15 டிகிரி ஏர்கான்லகூட வைக்கிறதில்ல. மத்தியானம் 34 டிகிரின்னு வச்சுக்கோங்க, ஸ்டாண்டர்ட விட ஒவ்வொரு டிகிரி கூடுறதுக்கும் சுமாரா 120 அடி டென்சிட்டி ஆல்டிட்யூட் (காத்தோட மெல்லிச வச்சு கணக்கு போடுற உயரம்) ஏறும். தரையில நிக்கிறப்பவே பிளேன் சுமாரா 2,300 அடி உயரத்துல இருக்குறதா நெனச்சுக்கும். டர்போ இல்லாத எஞ்சின் 1,000 அடிக்கு மூனு சதவீதம் மாதிரி சக்தி இழக்கும்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. அப்ப 100 எச்பி எஞ்சின் 93 எச்பின்னுதான் எடுத்துக்கணும், றெக்கையும் புரொப்பெல்லரும் மெல்லிசான காத்துல குறைவாதான் வேல செய்யும், காத்து ஈரமா இருந்தா இன்னும் கொஞ்சம் போகும்.

இத ஏன் ரொம்ப அழுத்துறேன்னா, தோட்டத்துப் பக்கத்துல ஓடுபாதைன்னா முடியிற எடத்துல செம்பனை நிக்கும். வளந்த செம்பனை 12 மீட்டருக்கு மேல போகும். கிட் கம்பெனி "80 எச்பி போதும்"னு சொன்னா குளிர் நாட்டுல ரெண்டு பேர் ஏறி பறந்தத வச்சு சொல்றாங்கன்னு புரிஞ்சுக்கோங்க. எடை லிமிட்டு இடம் குடுத்தா ஒரு படி மேல போங்க. நான் 80-தான் போட்டேன், அதனால ரெண்டு ஆள் ஏறுனா காலையில ஒன்பது மணிக்குள்ள கெளம்பிடணும்னு எனக்கு நானே சட்டம் போட்டுக்கிட்டேன்.

4. டூ ஸ்ட்ரோக் ஆசைய தள்ளி வைங்க

எனக்கு 11,000 வெள்ளி போனது இங்கதான். ரோட்டாக்ஸ் 582, டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், 64 எச்பி, லேசு, மலிவு. விக்கிறவரு "அண்ணே, ரொம்ப கம்மியா ஓடுனது, ஆறு வருஷமா சும்மாதான் வச்சிருக்கேன்"னு சொன்னாரு. நான் அத நல்ல சேதின்னு நெனச்சேன். டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் பேரிங்குக்கு பெட்ரோல்ல கலந்த ஆயில் புகைதான் எண்ணெய், ஓடாம கெடந்தா அது வடிஞ்சுரும், நம்ம ஊரு ஈரத்துல பேரிங்கு துரு புடிக்கும். செம்பனை ஆலையில முப்பது வருஷம் ஃபிட்டரா இருந்த மாமா ஒருத்தர் வந்து புரொப்பெல்லர் ஃபிளாஞ்ச கையால மெதுவா சுத்திப் பாத்தாரு, கண்ண மூடிக்கிட்டு. "உள்ள மண்ணு அரைக்கிற மாதிரி இருக்குடா"ன்னாரு. பிரிச்சா அப்படித்தான்.

துரு இல்லாட்டியும் கணக்க பாருங்க. 582-க்கு ஓவர்ஹால் 300 மணி நேரத்துக்கு ஒரு தடவ. 912-க்கு புது சீரியல் நம்பர்கள்ல 2,000 மணி நேரம் (பழசுல 1,200, 1,500-ன்னு குறைவா இருக்கும், சீரியல் நம்பர வச்சு பாருங்க). டூ ஸ்ட்ரோக் பெட்ரோலும் நல்லா குடிக்கும், 50-க்கு 1 ஆயில் வேற கலக்கணும். இந்த எஞ்சின் எப்ப வேணாலும் நின்னு போகலாம்னு அதோட மேனுவல்லயே எச்சரிக்கை போட்டிருக்காங்க. கீழ கண்ணுக்கெட்டுன தூரம் செம்பனையும் லொம்போங்கும் (பழைய ஈயச் சுரங்கக் குளம்) இருக்குற ஊர்ல அத படிச்சா வயித்த கலக்கும். ஒத்த சீட்டு, ரொம்ப லேசான பிளேன், திறந்த வெளி பக்கத்துலயே இருக்குன்னா சரி, யோசிக்கலாம். மத்தவங்க விட்டுருங்க.

5. ஃபோர் ஸ்ட்ரோக்ல எது

ரோட்டாக்ஸ் 912 யூஎல் 80 எச்பி, யூஎல்எஸ் 100 எச்பி. ரெண்டும் கியர்பாக்ஸ் வச்சது, எஞ்சின் 5,800 ஆர்பிஎம் வரைக்கும் சுத்தும் ஆனா அந்த உச்சத்துல அஞ்சு நிமிஷம்தான், அப்புறம் 5,500-க்கு கீழ வரணும். சிலிண்டர் ஹெட்டுக்கு தண்ணி, சிலிண்டருக்கு காத்து. நம்ம வெயிலுக்கு ஹெட்டு தண்ணில குளிர்றது பெரிய நிம்மதி. கஷ்டம் என்னன்னா பைப்பு, ஹோஸு, ரேடியேட்டர்னு பூட்டுறதுக்கு நெறைய இருக்கு, ரெண்டு கார்புரேட்டரையும் ஒன்னா சிங்க் பண்ணி வைக்கணும், இல்லன்னா ஐடில்ல உதறும், கியர்பாக்ஸ் அடிவாங்கும்.

ஜபிரு 2200, ஆஸ்திரேலியாக்காரன் செஞ்சது, 85 எச்பி, முழுக்க காத்துல குளிர்றது, கியர்பாக்ஸ் கெடையாது, பூட்டுறது ரொம்ப சிம்பிள். 2014 கடைசியில ஆஸ்திரேலியா விமானத் துறை ஜபிரு எஞ்சின்களுக்கு கட்டுப்பாடு போட்டு, 2016-ல தளர்த்துனாங்க. பழசு வாங்குனா எந்த வருஷத்து எஞ்சின், த்ரூ போல்ட்டு (எஞ்சின் பாடிய இறுக்கிப் புடிக்கிற நீள போல்ட்டு) மாத்தியாச்சான்னு கேக்காம வாங்காதீங்க. கவுலிங்க்குள்ள (எஞ்சின் மூடி) காத்து போற வழிய ஒழுங்கா கட்டலன்னா நம்ம ஊர்ல மேல ஏறும்போதே ஹெட்டு டெம்பரேச்சர் செவப்புக்கு போயிரும்.

கான்டினென்டல் ஓ-200, 100 எச்பி, 2,750 ஆர்பிஎம். பழைய செஸ்னா 150-ல இருக்கறது இதுதான், அதனால தெரிஞ்ச போமென் (மெக்கானிக்) கெடைப்பாங்க. ஆனா ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர்னு எல்லாம் சேந்தா எடை 85 கிலோவுக்கு மேல, ரெண்டாம் படிக்கு திரும்பிப் போங்க. வோக்ஸ்வாகன் பீட்டல் எஞ்சின மாத்துற கிட்டும் இருக்கு, 2180 சிசில 80 எச்பி சொல்வாங்க. மலிவுதான். கைவேல தெரிஞ்சவங்களுக்கு ஓகே, என்ன மாதிரி ஆபிஸ்ல கீபோர்டு தட்டுறவனுக்கு இல்ல.

கார் எஞ்சின் பத்தி கேப்பீங்கன்னு தெரியும். பெங்கெல்ல (கார் பட்டறை) ரெண்டாயிரம் வெள்ளிக்கு ஹாஃப் கட்டுலேர்ந்து (பாதியா வெட்டுன பழைய கார்) எஞ்சின் கெடைக்குதேன்னு. எஞ்சின் கெட்டுப்போறதவிட, அதுக்கு நாமளே செய்யிற கியர் ரிடக்ஷன், கூலிங், பெட்ரோல் லைன், வயரிங் இதுங்கதான் காலை வாரும். முதல் பிளேனுக்கு வேணாம்.

6. பெட்ரோல் எங்க ஊத்துவீங்க

இத எஞ்சின் வாங்குனப்புறம் யோசிச்ச முட்டாள் நான். 912 யூஎல்லுக்கு ரோன் (பெட்ரோலோட ஆக்டேன் நம்பர்) 90 இருந்தா போதும், யூஎல்எஸ்ஸுக்கு கம்ப்ரஷன் கூட, ரோன் 95-க்கு கீழ போகக்கூடாது. நம்ம பம்ப்ல 95-ம் 97-ம் இருக்கறதால பிரச்சன இல்லன்னு நெனைப்பீங்க. டோங்க (பெட்ரோல் கேன்) தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்கு போய்ப் பாருங்க. சப்சிடி உள்ள ரோன் 95-அ டோங்ல நிரப்ப கேபிடிஎன் (உள்நாட்டு வாணிப அமைச்சு) பெர்மிட் வேணும். பூடி 95-ங்கற அரசாங்க சப்சிடி திட்டத்துல வர்ற லிட்டர் உங்க காருக்கு, பிளேனுக்கு இல்ல. நான் 97 போடுறேன், அதுக்கும் ஸ்டேஷன்காரர்கிட்ட முன்கூட்டியே பேசி, ஒழுங்கான பெட்ரோல் டோங்குதான் எடுத்துட்டு போறேன், மினரல் வாட்டர் போத்தல் எல்லாம் வேணாம் ப்ளீஸ்.

அவ்காஸ் 100எல்எல் (பிளேனுக்குன்னே விக்கிற பெட்ரோல்) ரோட்டாக்ஸ்ல ஓடும், ஆனா அதுல ஈயம் இருக்கு, ஆயில் டேங்குலயும் கியர்பாக்ஸ்லயும் சேறு மாதிரி படியும். அதையே தொடர்ந்து ஊத்துனா 100 மணிக்கு மாத்துற ஆயில 50 மணியிலயே மாத்தணும். கான்டினென்டலுக்கு அது பிரச்சன இல்ல, ஆனா உங்க பக்கத்து ஏர்போர்ட்டுல அவ்காஸ் விக்கிறாங்களா, வெளியாளுக்கு குடுப்பாங்களான்னு போன் அடிச்சு கேட்டுட்டு முடிவெடுங்க.

எத்தனால் இருக்கான்னு பாக்க லேப் வேணாம். மெல்லிசான கண்ணாடி குழாய்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி கோடு போடுங்க, மேல பெட்ரோல் ஊத்தி குலுக்கி வைங்க, தண்ணி மட்டம் கோட்டுக்கு மேல ஏறுனா எத்தனால் இருக்கு. ரோட்டாக்ஸ் 10 சதவீதம் வரைக்கும் ஒத்துக்கும், உங்க டேங்கு சீலன்ட்டு ஒத்துக்குமான்னு தனியா பாருங்க.

இன்னும் ரெண்டு. வெயில்ல நிறுத்தி வச்ச பிளேன்ல பெட்ரோல் லைன் கொதிச்சு ஆவி அடைச்சுக்கும், லைன எக்ஸாஸ்ட்லேர்ந்து தள்ளி கொண்டு போய் ஃபயர் ஸ்லீவ் (சூடு தாங்குற உறை) போடுங்க, டேங்குக்கு திரும்பிப் போற லைனையும் விட்டுடாதீங்க. அடுத்தது கார்புரேட்டர் ஐஸ். "மலேசியாவுல ஐஸா"ன்னு நானும் சிரிச்சேன். ஈரம் அதிகமா இருந்தா 30 டிகிரில கூட, த்ராட்டில கொறச்சு இறங்கும்போது கார்புக்குள்ள ஐஸ் கட்டும். நம்ம ஊர்ல ஈரத்துக்கு என்ன பஞ்சம். கார்ப் ஹீட்டு (கார்புரேட்டர சூடாக்குற அமைப்பு) கட்டாயம் வைங்க.

7. பழைய எஞ்சின் வாங்குறப்ப கையில வாங்க வேண்டிய பேப்பர்

லாக்புக் ஒரிஜினல், முதல் பக்கத்துலேர்ந்து. போட்டோகாப்பிய நம்பாதீங்க. சீரியல் நம்பர் எஞ்சின்ல, லாக்புக்ல, இன்வாய்ஸ்ல மூனுலயும் ஒன்னா இருக்கணும், வீடியோ கால்ல காட்ட சொல்லுங்க. அந்த சீரியலுக்கு வந்த சர்வீஸ் புல்லட்டின் (கம்பெனி விடுற திருத்த அறிவிப்பு) லிஸ்ட்ட கம்பெனி சைட்ல நீங்களே எடுத்து, எது செஞ்சது எது பாக்கின்னு டிக் போடுங்க. ரப்பர் ஐட்டம் எல்லாம் ரோட்டாக்ஸ்ல அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், எத்தன மணி ஓடுச்சுங்கறது கணக்கே இல்ல. கடைசியா எப்ப மாத்துனாங்கன்னு தேதியோட கேளுங்க.

புரொப்பெல்லர் எதுலயாவது அடிச்சதா? இந்தக் கேள்விய நேரா கேளுங்க, பதில எழுத்துல வாங்குங்க. அடிச்சிருந்தா கிராங்கும் கியர்பாக்ஸும் செக் பண்ண ரிப்போர்ட்டு வேணும். லீக் டவுன் டெஸ்ட்டு (சிலிண்டர்ல காத்தழுத்தம் நிக்குதான்னு பாக்குறது) நம்பர் நாலு சிலிண்டருக்கும் தனித்தனியா. ஆயில் ஃபில்டர வெட்டி விரிச்சு போட்டோ. ஆயில்ல உள்ள இரும்புத் தூள புடிக்கிற மேக்னெட்டிக் பிளக்குல ஒட்டுன தூளோட போட்டோ. இத்தனையும் கேட்டா விக்கிறவரு கோவப்பட்டா, வேற ஆள பாருங்க, அவ்ளோதான்.

8. காசு

என் கணக்க அப்படியே போடுறேன், உங்களுக்கு கூடும் குறையும். 640 மணி ஓடுன 912 யூஎல், ஆஸ்திரேலியாவுலேர்ந்து, 41,000 வெள்ளி. கப்பல், இன்சூரன்ஸ் 4,300. ஏஜெண்டு, துறைமுகம், வரி எல்லாம் 6,900, இதுல பாதி என் தப்பு, கீழ சொல்றேன். மவுண்ட் 3,600. புரொப்பெல்லர் 8,200. ரேடியேட்டர், கூலர், ஹோஸ் 4,100. மீட்டருங்க 3,500. ரப்பர் மாத்துனது, கார்ப் பிரிச்சு பூட்டுனது, கியர்பாக்ஸ் செக் 5,000. கூட்டுங்க, 76,600. எஞ்சின் வில அதுல பாதிய கொஞ்சம் தாண்டுது, அவ்ளோதான். கையில 50,000 இருந்தா 50,000 வெள்ளி எஞ்சின பாக்காதீங்க.

9. கொண்டு வர்றது

விக்கிறவரு எனக்கு நல்லது செய்றதா நெனச்சு இன்வாய்ஸ்ல "பழைய மெஷின் பார்ட்ஸ்"னு எழுதிட்டாரு. கஸ்டம்ஸ்காரங்க பெட்டிய திறந்தா முழு எஞ்சின். கார் எஞ்சினா, போட் எஞ்சினா, ஏன் இப்படி எழுதியிருக்குன்னு கேள்வி மேல கேள்வி, மூனு வாரம் ஸ்டோர் வாடக ஓடுச்சு. கேட்டதுல அவங்க தப்பு ஒன்னும் இல்ல. ஏர்கிராஃப்ட் எஞ்சின்னு தெளிவா, மாடல், சீரியல், பழசு, உண்மையான வில எல்லாம் இன்வாய்ஸ்ல இருக்கணும். ஏர்கிராஃப்ட் பெட்ரோல் எஞ்சினுக்கு எச்எஸ் கோடு (கஸ்டம்ஸ் சரக்கு நம்பர்) 8407.10-ல வரும், கே1 பாரம் (இறக்குமதி பாரம்) போடுற ஏஜெண்டுகிட்ட கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே இத குடுத்து வரி எவ்ளோன்னு எழுத்துல கேளுங்க. வரிய எஞ்சின் வில மட்டும் வச்சு பாக்கமாட்டாங்க, கப்பல் காசும் இன்சூரன்ஸும் சேத்துதான். சிஏஏஎம் பதில் இமெயில ஒரு காப்பி ஏஜெண்டுக்கும் குடுங்க. எனக்கு கடைசில வேலைய முடிச்சது அந்த ஒத்த தாளுதான்.

காலம்: தேடி, பேப்பர் பாத்து முடிக்க மூனு மாசம். பேக்கிங், கப்பல் ஏழு வாரம். காசு குடுக்கிறப்ப பாதி முன்னாடி, பாதி சீரியல் நம்பரோட பெட்டி மூடுற வீடியோ வந்தப்புறம். விக்கிறவர்கிட்ட ஆயில முழுக்க வடிச்சு, பெட்ரோல் வாசனயே இல்லாம அனுப்ப சொல்லுங்க, இல்லன்னா ஆபத்தான சரக்குன்னு கப்பல்காரன் ஏத்தவே மாட்டான்.

10. பெட்டி வீட்டுக்கு வந்தப்புறம்

உடனே பூட்டப் போறதில்லன்னா ஸ்பார்க் பிளக் ஓட்டையில சிலிக்கா ஜெல் பிளக்கு, எக்ஸாஸ்ட்டுக்கும் கார்புக்கும் மூடி. எலியும் குளவியும் உங்களவிட சுறுசுறுப்பு, எங்க கொட்டகையில ஒரு வாரத்துல கார்ப் வாய்ல மண்ணு கூடு கட்டிருச்சு. சிலிக்கா ஜெல் நிறம் மாறுதான்னு வாரம் ஒரு தடவ பாருங்க, மழ மாசத்துல ரெண்டு தடவ.

மொதல் தடவ ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயில் சிஸ்டத்துல உள்ள காத்த வெளியேத்தணும். மேல் பிளக்குங்கள கழட்டிட்டு, ஆயில் பிரஷர் முள்ளு ஏறுற வரைக்கும் விட்டு விட்டு சுத்தணும், எப்படின்னு மேனுவல்ல படிப்படியா இருக்கு, தாண்டிப் போகாதீங்க. புரொப்பெல்லர எப்பவும் ஓடுற பக்கமாதான் கையால திருப்பணும், எதிர் பக்கம் திருப்புனா வால்வு லிஃப்டருக்குள்ள காத்து ஏறிரும். வேடிக்க பாக்க வர்ற பசங்ககிட்ட இத மொதல்லயே சொல்லி வைங்க, அவனுங்க கை சும்மா இருக்காது. ஸ்டார்ட் அன்னிக்கு வால கயிறு போட்டு கட்டுங்க, சக்கரத்துக்கு கட்ட வைங்க, தீயணைப்பு சிலிண்டரோட ஒரு ஆள் பக்கத்துல நிக்கணும், புரொப்பெல்லருக்கு நேரா பக்கவாட்டுல ஒருத்தரும் நிக்கக்கூடாது. அப்புறம் 25 மணி நேரம் ஓடுனதும் முதல் செக், ஆயில், ஃபில்டர் மாத்தி, ஃபில்டர வெட்டி விரிச்சுப் பாத்து, போட்டோவ தேதியோட லாக்புக்குக்குள்ள ஒட்டி வைங்க.